மாலையில் கட்டுகிற பூவில் எது நம்ம ஊர்ப் பூ? (சாமந்தி, கேந்தி, சம்பங்கி, மல்லி)

திருநகர் மாடி

பொங்கல் சமயத்தில் பூவோடு வாங்கிய மஞ்சள் சாமந்தி. பூ முடிந்ததும் வெட்டிவிட்டாச்சு. சித்திரையிலிருந்து தளதளவென்று ரெண்டடி வளர்ந்து நிற்கிறது, ஆடி பிறந்தும் ஒரு மொட்டு இல்லை. 12 அங்குலத் தொட்டி, நல்ல வெயில். மாதம் ஒரு கை மண்புழு உரம், பத்து நாளைக்கு ஒருதரம் கடலைப்புண்ணாக்குக் கரைசல். நர்சரியில் கேட்டால் "அது சீனாக்காரன் செடி, அப்படித்தான்" என்கிறார்கள்.

சாமந்தி சீனாவிலிருந்து வந்ததா? அப்படியானால் நம்ம மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மலைமலையாகக் குவிகிற மற்ற பூக்களில் எதெல்லாம் வந்தது, எது இங்கேயே இருந்தது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நிலக்கோட்டை ரோடு

நர்சரிக்காரர் சொன்னது சரி, ஆனால் பாதியில் விட்டுட்டார். சாமந்தி சீனச் செடிதான். கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாவோ யுவான்மிங் என்கிற சீனக் கவிஞர் வேலி ஓரத்துச் சாமந்தியைப் பாடியிருக்கிறார். அங்கிருந்து ஜப்பானுக்குப் போய், அரச முத்திரையிலேயே 16 இதழ்ச் சாமந்தியாக உட்கார்ந்தது. ஐரோப்பாவுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது 1789இல். பிளாங்கார் என்ற வணிகர் சீனாவிலிருந்து பிரான்சின் மார்செய் துறைமுகத்துக்கு மூன்று வகை கொண்டுவந்தார், பிழைத்தது ஒன்றே ஒன்று, ஊதா நிறம்.

உங்கள் தொட்டிக்கு இதில் என்ன இருக்கிறது என்றால், இது இரவு நீளும்போது பூக்கிற சாதி. சீனாவில் இலையுதிர்காலப் பூ. பகல் குறுகினால்தான் மொட்டுக் கட்டும். செடிகள் பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கின்றன என்பதை 1920இல் கார்னர், அல்லார்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் புகையிலையையும் சோயாவையும் வைத்து எழுதினார்கள். நம்ம மதுரையில் ஆனி மாதப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி பத்து நிமிடம்தான். நமக்கே தெரியாது. சாமந்தி இலைக்குத் தெரியும். அதோடு கோடை இரவின் புழுக்கமும் சேர்ந்து மொட்டைத் தள்ளிப்போடும். ஆக ஆடியில் மொட்டு இல்லை என்பது நோயில்லை. நீங்கள் புண்ணாக்கு ஊற்ற ஊற்ற இலைதான் வரும், அதை முதலில் நிறுத்துங்கள்.

ஒரு விஷயம் பார்க்கணும். தொட்டி இருக்கிற இடத்தில் தெருவிளக்கு வெளிச்சம் விழுகிறதா? ராத்திரி அந்த இடத்தில் நின்று செய்தித்தாள் தலைப்பைப் படிக்க முடிந்தால், செடிக்கு இரவு உடைந்துபோகிறது என்று அர்த்தம். ஐப்பசியிலும் பூக்காமல் நின்றால் அதுதான் காரணம்.

திருநகர் மாடி

அண்ணே, கைப்பிடிச் சுவருக்கு வெளியே சரியாக ஒரு எல்.இ.டி. கம்பம் இருக்கிறது. படிக்கலாம், தலைப்பென்ன, விலைப்பட்டியலே படிக்கலாம்.

நிலக்கோட்டை ரோடு

அப்போ தொட்டியைத் தண்ணீர்த் தொட்டிக்கு மறுபக்கம் மாற்றுங்கள். துணி போட்டு மூடுகிற வேலை வேண்டாம், வெக்கையில் இலை அவிந்துபோகும்.

மறு வருஷத்துக்கு: பழைய செடியை அப்படியே வைத்திருக்கக் கூடாது. தையில் பூ முடிந்ததும் தரையிலிருந்து நாலு விரல்கடை விட்டு வெட்டினால் தூரிலிருந்து பக்கக்கன்று கிளம்பும். சித்திரை, வைகாசியில் வேரோடு இருக்கிற கன்றாகப் பிரித்து, தொட்டிக்கு ஒன்று நடுங்கள். தரையில் என்றால் ஒரு அடிக்கு ஒரு அடி. நட்டு நாலாவது வாரம் நுனியைக் கிள்ளுங்கள், பக்கக்கிளை ஒரு சாண் வந்ததும் இன்னொரு தரம். ஆவணிக்கு மேல் கிள்ளவே கூடாது, கிள்ளினால் மொட்டு வரவேண்டிய நுனியை நீங்களே எடுத்துப்போட்ட கதை. வேளாண் பல்கலைக்கழக ரகங்களில் கோ 1 மஞ்சள், கோ 2 ஊதா; எம்.டி.யு. 1 என்ற மஞ்சள் ரகம் நம்ம மதுரை வேளாண் கல்லூரியில் வந்தது.

ஏடும் இலையும்

சாமந்தி சீனாவிலிருந்து வந்தது என்றால், திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவருக்குச் செவ்வந்திநாதர் என்று பெயர் இருக்கிறதே? முனிவர் செவ்வந்தி நந்தவனம் வைத்ததாகத் தலபுராணமே இருக்கிறது. இதை என்ன செய்வது?

குருவித்துறை

பெயர் பழையது என்பதால் செடி பழையது என்று ஆகாது. நம்ம ஊரில் பூப்பெயர்கள் ஒரு செடியை விட்டு இன்னொரு செடிக்குத் தாவுகிற வேகம் சொல்லி மாளாது. இன்றைக்குக் கடையில் இருக்கிற அடுக்குச் சாமந்தி சீனாவில் பல காட்டு இனங்கள் கலந்து உண்டான ஒட்டுச் சாதி. புராணத்தில் உள்ள செவ்வந்தியும் அதுவும் ஒன்றா என்பதைப் பெயரை வைத்து முடிவுகட்ட முடியாது.

சான்றுக்குச் சம்பங்கியை எடுங்கள். நம்ம பக்கம் சம்பங்கி என்றால் கிழங்கு நட்டு வளர்க்கிற வெள்ளைப்பூ. அதன் ஊர் மெக்சிகோ. அங்கத்தி நாவாட்டில் மொழியில் அதற்கு 'எலும்புப் பூ' என்று பெயர், அந்த வெள்ளைக்காக. தெலுங்கில் சம்பெங்க என்றால் செண்பக மரத்தின் பூ. செண்பகம் பழைய பூ. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்குகிற 99 பூவிலேயே 'பெருந்தண் சண்பகம்' இருக்கிறது. பிறகு வந்த மெக்சிகோக் கிழங்குக்கு வாசத்தைப் பார்த்து 'நிலச்சம்பங்கி' என்று பெயர் வைத்தார்கள். நாளடைவில் 'நில' உதிர்ந்துபோனது.

இப்படியே போகலாம். செண்டுமல்லி, அதாவது கேந்தி, மல்லியே இல்லை, மெக்சிகோ. வாடாமல்லியும் மல்லி இல்லை, அதுவும் அமெரிக்கக் கண்டத்துச் செடி. அந்திமந்தாரைக்கும் மந்தாரைக்கும் சம்பந்தமே கிடையாது. மந்தாரை நம்ம மரம், அந்திமந்தாரை அமெரிக்கக் கண்டத்துச் செடி. காகிதப்பூ பிரேசில்: 1760களில் உலகம் சுற்றிய பூகன்வில் என்ற பிரெஞ்சுக்காரரின் கப்பலில் போன கொமெர்சான் ரியோவில் கண்டு, தலைவர் பெயரையே வைத்துவிட்டார். நித்தியகல்யாணி மடகாஸ்கர். சிவன் கோவிலில் நாகலிங்கப்பூ என்று தொட்டுக் கும்பிடுகிறோமே, அந்த மரமும் தென்னமெரிக்கா.

ஏடும் இலையும்

நாகலிங்கம் கூடவா! சரி, பவளமல்லி?

குருவித்துறை

பவளமல்லி நம்ம நாட்டுச் செடி. பெயரும் ஓரளவு பொருந்தும், மல்லிகைக் குடும்பமேதான். முல்லை, மௌவல், தளவம், பித்திகம் எல்லாம் குறிஞ்சிப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை. பித்திகம்தான் இன்றைக்குப் பிச்சி. பாண்டியர் பூ வேம்பு, மதுரைக்குப் பழைய பெயர் கடம்பவனம். ரெண்டும் மரப்பூ என்பதைக் கவனியுங்கள். பாத்தி கட்டிச் செடி வைத்து, தினம் பறித்து, எடை போட்டு விற்கிற பூக்களில்தான் வெளியூர்க்காரர் கூட்டம். மல்லிச் சாதியைப் போலக் கனகாம்பரமும் விதிவிலக்கு. வாசமே இல்லாத அந்தப் பூவின் ஊர் தென்னிந்தியாவும் இலங்கையும்.

பரவை பூந்தோட்டம்

கனகாம்பரம் என்று மொத்தமாகச் சொல்லாதீர்கள். நாட்டுக் கனகாம்பரம் விதையில் வரும். காய்ந்த காயில் தண்ணீர் பட்டால் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும், அதனால் நிறம் மாறுமுன் பறித்துத் துணிப்பையில் போட்டுக் காயவைக்கணும். டெல்லிக் கனகாம்பரம் வேறு. அது மும்மடியம்: குரோமோசோம் ரெண்டு செட்டுக்குப் பதில் மூன்று செட். அதனால் விதை கட்டாது. விதை கட்டாததால் செடி பூத்துக்கொண்டே இருக்கும், பூவும் பெரிது. ஆனால் பெருக்க ஒரே வழி வெட்டுக்குச்சி. டெல்லிக் கனகாம்பரம் விதை என்று பாக்கெட் போட்டு யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

இதில் செடி திடீரென்று வாடிச் சாவதற்குப் பெரும்பாலும் வேரில் நூற்புழுதான் தொடக்கம். வேரைப் பிடுங்கிப் பாருங்கள், முடிச்சோ கறுப்புக் காயமோ இருக்கும். அந்தக் காயத்தின் வழியாகத்தான் வாடல் பூசணம் உள்ளே போகிறது. அந்த மண்ணில் அடுத்து கனகாம்பரம் வைக்காதீர்கள், கத்தரி தக்காளியும் வேண்டாம்.

திருநகர் மாடி

நூற்புழுவுக்கு நடுவில் ரெண்டு கேந்திச் செடி வைத்தால் போதும் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்களே.

பரவை பூந்தோட்டம்

ரெண்டு செடி வைத்தால் பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். கேந்தி வேரில் உள்ள கந்தகச் சேர்மம் நூற்புழுவைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் அது வேர் ஓடுகிற இடத்தில் மட்டும். பாத்தி முழுக்க நெருக்கமாகக் கேந்தி போட்டு, ரெண்டு மூன்று மாதம் வளர்த்து, வேரோடு மண்ணில் மடக்கி உழுது, அதற்குப் பிறகு கனகாம்பரம் நட்டால் பலன் தெரியும். பயிரோடு பயிராக நடுவது வேறு கணக்கு. மல்லிக்குப் பக்கத்தில் வைத்தால் இன்னும் வம்பு: கோடையில் கேந்தியில் செஞ்சிலந்தி பிடிக்கும், அங்கிருந்து மல்லிக்குத் தாவும்.

கேந்தியின் கதையும் சொல்லிவிடுகிறேன். அஸ்டெக் மக்கள் அதை வழிபாட்டுக்கும் மருந்துக்கும் வைத்திருந்தார்கள். இன்றைக்கும் மெக்சிகோவில் இறந்தவர் நாளுக்கு அந்தப் பூதான். ஸ்பானியர் எடுத்துப்போய், அது வட ஆப்பிரிக்கக் கரையில் தானாகப் பரவிவிட, ஆங்கிலேயர் 'ஆப்பிரிக்கன் மேரிகோல்டு' என்று பெயர் வைத்தார்கள். குட்டைச் சாதிக்கு 'பிரெஞ்சு'. ரெண்டும் மெக்சிகோப் பக்கத்துச் செடிதான்! இந்தியாவுக்குப் போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. வெள்ளைக் கேந்திக்காக பர்பீ என்ற அமெரிக்க விதைக் கம்பெனி 1954இல் 10,000 டாலர் பரிசு அறிவித்து, 1975இல்தான் கொடுத்தது. வென்றவர் அயோவா மாநிலத்து ஆலிஸ் வோங்க் என்ற பெண்மணி, வீட்டுத் தோட்டக்காரர். வருஷா வருஷம் ஆக வெளிறிய பூவின் விதையை மட்டும் எடுத்து விதைத்துக்கொண்டே வந்தார்.

அதே முறையை நீங்கள் ஆயுதபூஜை மாலையில் செய்து பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். காய்ந்த பூவைப் பிரித்தால் கறுப்பு ஊசி மாதிரி விதை, நுனியில் வெளிர் குஞ்சம். முளைக்கவும் முளைக்கும், 5 முதல் 7 நாளில். ஆனால் மாலைக்கு வருகிற பந்துப் பூவில் நிறைய வீரிய ஒட்டு. அதன் பிள்ளைகளில் பல ஒற்றை அடுக்காக, நடுவில் மஞ்சள் பொட்டோடு பூக்கும். நல்ல பந்தாக வந்த செடியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மொட்டுத் தெரியும்போதே பிடுங்கினால், மூன்று நாலு தலைமுறையில் ஓரளவு சீராகும்.

ஏடும் இலையும்

ரோஜாவை யாரும் தொடவில்லையே.

குருவித்துறை

தொட்டால் இழை தாங்காது, சுருக்கமாகச் சொல்கிறேன். ஐரோப்பிய ரோஜாக்கள் பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரு தரம்தான் பூத்தன. ஓயாமல் பூக்கும் குணம் சீன ரோஜாவுடையது. 1792க்கும் 1824க்கும் நடுவில் நாலு சீன ரோஜாக்கள் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தன. வழியில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தில் இறங்கிப் போன செடிகளும் உண்டு, அதனால்தான் சீன ரோஜாவுக்கு 'பெங்கால் ரோஸ்' என்று பெயரே விழுந்தது. 1867இல் கியோ என்ற பிரெஞ்சுக்காரரின் 'லா பிரான்ஸ்' வந்தது. பூங்கொத்தில் நீளக் காம்போடு வருகிற சாதிக்கு அதைத்தான் முதல் செடி என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்.

நம்ம மாலையில் போகிற எட்வர்ட் ரோஜா வேறு கிளை. இந்தியப் பெருங்கடலில் ரியூனியன் தீவு இருக்கிறதே, பழைய பெயர் பூர்போன். அங்கே வேலியாக வைத்த சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் தானாகக் கலந்து உண்டான வம்சம். சொந்த வேரிலேயே குச்சி பிடிக்கும். ஒட்டு ரோஜா வாங்கினால் ஒட்டுக்குக் கீழே வருகிற தளிரைக் கண்டவுடன் அடியோடு பிய்த்து எடுங்கள், வெட்டினால் நாலாகத் திரும்பி வரும். "வாங்கும்போது சிவப்பு, இப்போ சின்னப்பூவா மாறிடுச்சு" என்கிற புகாரெல்லாம் அந்தத் தளிர் மேல்செடியைத் தின்றுவிட்ட கதைதான். பூ மாறவில்லை, செடியே மாறிவிட்டது.

மொட்டுவிரல்

இவ்வளவு நேரம் எல்லாரும் மல்லியைச் சுற்றிச் சுற்றிப் போகிறீர்கள். மதுரையில் உட்கார்ந்துகொண்டு!

குண்டுமல்லியின் அறிவியல் பெயர் ஜாஸ்மினம் சம்பக். அந்த 'சம்பக்' செண்பகத்திலிருந்து வந்தது இல்லை, 'சன்பக்' என்ற அரபிச் சொல். ஊர் நம்ம நாடுதான், இமயமலை அடிவாரம் வரைக்கும். இங்கிருந்து போய் 1934இல் பிலிப்பைன்ஸின் தேசியப் பூவானது, 1990இல் இந்தோனேசியாவுக்கும். மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2013இல்.

தோட்டக்காரருக்கு முக்கியமான சங்கதி, இது விதை வைப்பது அபூர்வம். குச்சியும் பதியனும்தான். அதாவது மதுரை மல்லி என்பது ஏதோ ஒரு பழைய செடியின் துண்டின் துண்டின் துண்டு. நம்ம பக்கத்துத் தோட்டங்களுக்கு நாற்று ராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடத்திலிருந்து வருகிறது. அந்த மணல்மண்ணில் வேர் அறுபடாமல் கிளம்பும். ஆக நல்ல தாய்ச்செடியிலிருந்து எடுத்தால் மட்டும் நல்ல செடி. பூவே பார்க்காமல் நாற்று வாங்காதீர்கள்.

வீட்டில் குச்சி போட: அரைமுற்றல் கிளை, ஒரு சாண் நீளம், மூன்று நாலு கணு. அடியில் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டு. மேலே ஒரு ஜோடி இலையைப் பாதியாக நறுக்கி விட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். ரெண்டு கணு மணலுக்குள் போகணும், வேர் கணுவிலிருந்துதான் வரும். ஈரம் இருக்கணும், தண்ணீர் நிற்கக் கூடாது. ஆடிக்குப் பிறகு கார்த்திகை வரை நல்ல காலம்.

நிலத்தில் நடுவதென்றால் ஒரு அடி ஆழ, அகலக் குழி, 10 கிலோ தொழுஉரம், செடிக்குச் செடி 1.25 மீட்டர். தொட்டியில் 15 அங்குலத்துக்குக் குறையாமல்.

கவாத்துதான் உயிர். பூ புதுத்தளிரின் நுனியில் மட்டும் வரும். கார்த்திகையில் கொஞ்ச நாள் தண்ணீரைக் குறைத்து, தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு, அதாவது 45 முதல் 50 செ.மீ., ஒட்ட வெட்டுங்கள். பாவம் பார்த்து நுனியை மட்டும் தடவி விட்டால் பங்குனியில் பக்கத்து வீட்டு மல்லியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கணும். மாசிக்கு மேல் மொட்டுத் தொடங்கி ஆனி வரை வரத்து. மார்கழி, தையில் பனிக்குச் செடி அடங்கிவிடும், அதனால்தான் முகூர்த்த நாளில் விலை அப்படி ஏறுகிறது.

திருநகர் மாடி

அக்கா, மல்லித் தொட்டியும் ஒன்று இருக்கிறது. இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. மொட்டு சில சமயம் ஊதாவாகி உதிர்கிறது. ரெண்டும் ஒரே நோயா?

மொட்டுவிரல்

ரெண்டும் வேறு. மஞ்சள் இலை, பச்சை நரம்பு, அதுவும் இளந்தளிரில் என்றால் இரும்புச் சத்துக் குறைவு. போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக இருந்தால் மண்ணில் இரும்பு இருந்தாலும் வேர் எடுக்காது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), கரைசல் பழுப்பாகாமல் இருக்கச் சில சொட்டு எலுமிச்சைச் சாறு, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளியுங்கள். 15 நாள் கழித்து இன்னொரு தரம். முடிந்தால் மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றுங்கள்.

ஊதா மொட்டுக்கு, ஒரு மொட்டை நகத்தால் நெடுக்கக் கீறிப் பாருங்கள். உள்ளே கறுப்புத் தலையோடு பச்சைப் புழு ஒன்று இருந்தால் மொட்டுப்புழு. வெளியே ஓட்டையும் எச்சமும் தெரியும், ரெண்டு மூன்று மொட்டை நூலால் சேர்த்துக் கட்டியிருக்கும். ஓட்டை இல்லாமல், மொட்டின் அடி மட்டும் தடித்து, உள்ளே கடுகைவிடச் சின்னதாக வெள்ளைப் புழுக்கள் நெளிந்தால் மொட்டு ஈ. இது மண்ணில் விழுந்துதான் கூட்டுப்புழுவாகும். அதனால் செடியின் மேல் மட்டும் மருந்தடித்துப் பிரயோசனம் இல்லை. உதிர்ந்த மொட்டைப் பெருக்கி எரித்து, மேல்மண்ணை ரெண்டு விரல் ஆழம் கிளறி வெயில் காட்டுங்கள். ரெண்டுக்கும் வேப்பங்கொட்டைக் கரைசல்: 50 கிராம் கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைத்து வாரம் ஒருமுறை, பூ பறித்து முடித்த பிறகு அடிக்கணும்.

நிலக்கோட்டை ரோடு

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கணும். பறிப்பு விடியுமுன். மல்லி மொட்டு பச்சை விட்டு, அடியில் மட்டும் லேசாகப் பச்சை ஓடுகிற வெள்ளையாக இருக்கணும். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்த்துக் காம்போடு திருகினால் கையோடு வரும். இழுத்தால் பக்கத்துச் சின்ன மொட்டும் கூட வந்துவிடும். வெயிலேறிப் பறித்தது மத்தியானமே வாய் திறந்துவிடும், சரம் கட்ட ஆகாது.

ஏடும் இலையும்

சம்பங்கி பற்றியும் யாராவது நடவு விவரம் போடுங்கள். கிழங்கு ஒரு வருஷம் பூத்தது, மறு வருஷம் வெறும் இலை.

பரவை பூந்தோட்டம்

பூத்த கிழங்கு மறுபடி பூக்காது. பக்கத்தில் விடுகிற குட்டிக்கிழங்குதான் அடுத்துப் பூக்கும், அது நெருக்கத்தில் சிறுத்துப்போனால் இலையோடு நின்றுவிடும். தோண்டிப் பிரியுங்கள். 25, 30 கிராம் எடையுள்ளதை மட்டும் எடுத்து ரெண்டு அங்குல ஆழத்தில், 45க்கு 20 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். சின்னதைத் தனிப் பாத்தியில் ஒரு வருஷம் கொழுக்க விடுங்கள். உதிரிப்பூவுக்கு பிரஜ்வல் ரகம் கேட்டு வாங்குங்கள். பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்து ஒட்டு அது, மொட்டு நுனியில் இளஞ்சிவப்புச் சாயம் இருக்கும், அதை வைத்தே அடையாளம் பார்க்கலாம்.

திருநகர் மாடி

சாமந்தியைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நகர்த்தியாச்சு. அங்கே வெயில் காலை பத்து மணிக்குத்தான் வருகிறது, சாயங்காலம் நாலு வரை. போதுமா?

நிலக்கோட்டை ரோடு

ஆறு மணி நேரம் தாராளம். புண்ணாக்கை நிறுத்தினீர்களா? புரட்டாசியில் நுனி இலை சுருண்டு நடுவில் பட்டாணி மாதிரி தெரிந்தால் மொட்டு. அதற்குள் கத்திரியை எங்கேயாவது ஒளித்து வையுங்கள் தம்பி.